குற்றுயிர் விதி

டுலூத்தில் ஜனவரி. ஏரி கல்லாகிவிட்டது.
இரும்புத்தாதுக் கப்பல்கள்
மார்ச் வரை கயிற்றில் கிடக்கும்.
கப்பல் சமையற்காரன் ரெய்னோவுக்கு அதனால் விடுமுறை,
அவன் வீட்டு நிலவறையில் எங்களுக்கு யுத்தம்,
வியாழன்தோறும், ஏழு மணிக்கு.

அரக்கர் பக்கம் ஆடுவது நான்.
மற்ற நாட்களில் ஆம்புலன்ஸில் பின்னால் உட்காருபவன்.

புத்தகத்து விதி எளிது.
உயிர்ப்புள்ளி சுழியானால் வீரன் மயங்குவான்,
பகடை உருட்டி உருட்டிப் பிழைக்கப் பார்ப்பான்,
தோழர்கள் மருந்தோடு ஓடி வருவார்கள்.
அரக்கன் சுழியானால்
ரப்பர் எடுத்து அழித்துவிட வேண்டியது.

பதினோரு வருடம் அழித்தேன்.
மேசையில் ரப்பர்த் துகள். ஊதிவிடுவேன்.

நவம்பரில் ஒரு ராத்திரி
ஐம்பத்துமூன்றாம் நெடுஞ்சாலையில்
காரில் இருந்தவருக்கு உதட்டில் கீறல், அவ்வளவுதான்.
மோதிய மான் பள்ளத்தில் கிடந்தது.
செத்தது என்று எழுதிக்கொண்டிருந்தேன்.
எழுந்தது.
பின்னங்கால் ஒன்று தோலில் மட்டும் தொங்க
மரங்களுக்குள் போயிற்று,
அவசரமில்லாமல்.

மறுநாள் பணித்தாளின் பின்பக்கம் எழுதினேன்:
சுழி என்பது சாவு அல்ல.
அரக்கருக்கும் ஒரு பகடை, இருபது முகம்.
ஒன்று விழுந்தால் முடிந்தது.
ஐந்துக்குள் என்றால் ஒரு கை, அல்லது ஒரு கண்,
எது என்று இன்னொரு பகடை சொல்லும்.
அதற்கு மேல் குற்றுயிர்.
ஊர்ந்து போகலாம். ஒளியலாம். ஞாபகம் வைக்கலாம்.
இருபதுக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை,
விட்டுவிட்டேன்.

ஆர்டிஸ் சிரித்தாள். பல் மருத்துவரிடம் கணக்கெழுதுபவள்.
"குறளிகளுக்கும் இன்சூரன்ஸா?"

முதல் வாரம் பாலத்தடியில் ஆறு குறளிகள்.
நான்கு செத்தன.
மூன்றாம் எண்ணுக்கு இடது காது போயிற்று.
பழைய வழக்கில் அதோடு சரி.
இப்போது அதற்கு ஒரு அட்டை இருந்தது.
இரண்டு வாரம் கழித்து உப்புக் குகையில்
காதில்லாத ஒன்று வந்தபோது
ரெய்னோ கோப்பையைக் கீழே வைத்தான்.
"இது அந்தப் பயல்."
வெட்டினான். பதினான்கு விழுந்தது.
அட்டையில் எழுதினேன்: விலா இரண்டு, மூச்சில் விசில்.

விதி செய்த வேறொரு வேலையை
நான் எதிர்பார்க்கவில்லை.

வெண்டல் பனி வாரும் வண்டி ஓட்டுகிறவன்,
எதையும் பாதியில் விடாதவன்.
சண்டை முடிந்ததும் அவன் வீரன்
விழுந்து கிடந்தவற்றிடம் ஒவ்வொன்றாய்ப் போனான்.
"கழுத்து," என்றான்.
அடுத்ததற்குப் போய், "கழுத்து."
முன்பெல்லாம் அந்த வேலையை
என் ரப்பர் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது.
யாரும் சோளப்பொரியைத் தொடவில்லை.
ஆர்டிஸ் மட்டும், "தேவையா?" என்றாள்.
"உன் ஆள் விதி எழுதியிருக்கான்," என்றான் வெண்டல்.
தப்பில்லை, அப்படித்தான் எழுதியிருந்தேன்.

மூன்று வாரம் இப்படி.
நாற்பத்தொரு கழுத்து. நான் எண்ணினேன்.
விழுப்புண் இல்லை அவை எதிலும்.

பிப்ரவரி கடைசியில் கணவாய்.
கதைக்குள்ளும் பனி, ஜன்னலுக்கு வெளியிலும் பனி.
வெண்டல் அன்று பதினாறு மணி நேரம் சாலையில் இருந்துவிட்டு
பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தான்.
மூன்றாம் எண் மீண்டும் விழுந்தது.
காதில்லை, விலா சரியில்லை, இப்போது முழங்கால்.
வெண்டலின் முறை.
எல்லோரும் அவனைப் பார்த்தோம்.

அவன் அட்டையைக் கேட்டான்.
படித்தான், என் கோழிக்கிறுக்கலை, மெதுவாக,
பூட்ஸிலிருந்து உருகிய நீர் மேசைக்கடியில் ஓட.
"இதுக்குக் குளிருமா?" என்றான்.

காதுக்கு எழுதியிருந்தேன், கண்ணுக்கு எழுதியிருந்தேன்.
குளிருக்கு எதுவும் இல்லை.
ஏதாவது சொல்ல வேண்டுமே என்று
பகடையை உருட்டினேன்.
பதினொன்று.

"பதினொன்றுன்னா?"

தெரியாது என்றேன்.
அவன் தன் வீரனின் பட்டியலில்
'கம்பளி, ஒன்று' என்பதைத் தேடி
அடித்துவிட்டு,
நாளை காலை நாலு மணிக்கு வண்டி எடுக்கணும் என்று
எழுந்து போனான்.